"எல்லாம் ஒரிஜினல்" என்கிறார் விற்பவர், ஆனால் முள் மட்டும் பளிச்சென்று ஒளிர்கிறது: பழைய டைவர் குரோனோகிராஃப் வாங்கலாமா?

புதுமுள் எழுதியது:

வணக்கம். மூழ்காளர்களுக்கான மூன்று முள் டைவர் வாட்ச்கள் நாலைந்து சேர்த்தாகிவிட்டது. இப்போது மனம் குரோனோகிராஃப் பக்கம், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச் பக்கம் போகிறது. 1960, 70-களில் வந்த, கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் பெஸல் வளையமும் பக்கவாட்டில் இரண்டு பொத்தானும் உள்ள டைவர் வகைதான் வேண்டும். இரண்டு வாட்ச் கண்ணில் பட்டிருக்கின்றன. இரண்டையும் வாங்கும் நிலையில் நான் இல்லை.

முதலாவது நிவாடா குரோனோமாஸ்டர், டயலில் "ஏவியேட்டர் சீ டைவர்" என்று எழுதியிருக்கும் அதே மாடல். உள்ளே ஓடும் எந்திரம் வால்ஜூ 23 என்கிறார் விற்பவர். "எல்லாம் ஒரிஜினல், பாலிஷ் போடாதது, இதுவரை சர்வீஸுக்கே போனதில்லை, அருமையாக ஓடுகிறது." கேட்டதும் ஒரு வீடியோ அனுப்பினார். புற ஊதா டார்ச் அடித்து அணைத்ததும் டயலில் உள்ள புள்ளிகள் உடனே இருண்டுவிட்டன. முட்கள் மட்டும் வீடியோ முடியும் வரை பச்சையாக ஒளிர்ந்துகொண்டே இருந்தன. பின்மூடியைத் திறந்து படம் எடுக்கச் சொன்னால் நாளை நாளை என்கிறார்.

இரண்டாவது, நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். உள்ளே வால்ஜூ 7734, தேதியும் உண்டு. கருப்பு பெஸல் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. கண்ணாடி முழுக்கக் கீறல். ஆனால் முள்ளிலும் டயலிலும் ஒளிப்பூச்சு ஒரே பழுப்பு நிறம். இவர் கேட்காமலேயே உட்புறத்தை ஆறு படம் எடுத்து அனுப்பிவிட்டு, "நிமிடக் கணக்கி சில நேரம் தாண்ட மறுக்கிறது, பூஜ்ஜியத்துக்குத் திருப்பினால் பெரிய முள் ஒரு கோடு தள்ளி நிற்கிறது" என்று குறையையும் அவரே சொன்னார்.

எதை எடுப்பது? கூடவே இரண்டு சின்னக் கேள்வி. இதைக் கட்டிக்கொண்டு நீந்தலாமா? பழைய ரேடியம் பூச்சு ஆபத்து என்கிறார்களே, எந்த அளவுக்கு?

-----

மூன்றாம்_பொத்தான் எழுதியது:

நிவாடாதான், யோசிக்கவே வேண்டாம். பெயருள்ள வாட்சை நாளைக்குக் கைமாற்றிவிடலாம். பெயரில்லாததை யார் வாங்குவார்கள்? முள்ளில் பூச்சு புதிது என்றால் என்ன, நன்றாகத்தானே தெரிகிறது.

-----

நீந்தாதவன் எழுதியது:

மூன்றாம் பொத்தான் சொன்னதை அப்படியே புரட்டிப் போட்டால் என் கருத்து வந்துவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. என்னிடம் இந்த வகை பதினொன்று இருக்கின்றன. எனக்கு நீச்சல் தெரியாது. என் மனைவி அந்தப் பெட்டிக்கு "நீந்தத் தெரியாதவர்கள் சங்கம்" என்று பெயர் வைத்திருக்கிறாள். வாட்சையும் சேர்த்துத்தான் சொல்கிறாள், அதுவும் சரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று முள் டைவருக்குத் தண்ணீர் உள்ளே வர மூன்று வாசல்: கண்ணாடி, பின்மூடி, சாவி. குரோனோகிராஃபுக்கு ஐந்து. கூடுதலாக வந்த இரண்டு பொத்தான்களும் அசையும் வாசல்கள். அழுத்தும் ஒவ்வொரு முறையும் தண்டு உள்ளே போய் வரும். தண்ணீரைத் தடுப்பது அதைச் சுற்றியுள்ள ஒரு சின்ன ரப்பர் வளையம் மட்டுமே. ஐம்பது வருடத்தில் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும், இல்லை தாராகியிருக்கும். டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருந்தால், அன்றைக்கு அந்தக் கம்பெனி தன்னம்பிக்கையோடு எழுதியது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டைவர் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரமே 1982-இல்தான் வந்தது.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. நான் வாங்கிய முதல் வாட்ச், 7733 எந்திரம், பெயர் முக்கியமில்லை. கை கழுவும்போது சும்மா விளையாட்டாக மேல் பொத்தானை அழுத்தினேன். கடல் இல்லை, குளம் இல்லை, குழாய்த் தண்ணீர். அரை மணி நேரத்தில் கண்ணாடிக்குள் ஆவி. டயலில் 4 மணிக்குப் பக்கத்தில் அன்று விழுந்த கறை இன்றும் இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், நான் ஆழமே இல்லாத இடத்தில் விட்டேன். ஆகவே நீந்தலாமா என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம். எல்லா ரப்பரையும் மாற்றி அழுத்தச் சோதனை செய்தாலும் வேண்டாம். மழையில் நனைந்தால் பதறாமல் இருக்கத்தான் அந்தச் சோதனை.

அப்படியென்றால் இதை ஏன் செய்தார்கள்? மூழ்குபவருக்கு பெஸலே போதும். நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால் எவ்வளவு நேரம் கீழே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். குரோனோகிராஃபின் பெரிய முள் நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடுவதால் தண்ணீருக்கடியில் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது நிமிடம். அது ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும், கலங்கிய நீரில் கண்ணுக்கே படாது. இந்தச் சிக்கலுக்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்களே, அதற்காகத்தான் நான் இந்த வகையைச் சேர்க்கிறேன். 1960-களில் பிரைட்லிங் சூப்பர்ஓஷன் 2005-இல் பெரிய முள்ளையே மணிக்கு ஒரு சுற்று ஓடும்படி மெதுவாக்கிவிட்டார்கள். ஆனால் அவ்வளவு மெதுவாகப் போனால் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதே? அதற்காக 6 மணிக்கு மேலே ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் ஒரு புள்ளி மாறிச் சொல்லும். அக்வாஸ்டார் டீப்ஸ்டாரில் வேறு வழி: 3 மணிப் பக்கம் நிமிட வட்டத்தைப் பெரிய கண் மாதிரி ஊதிப் பெரிதாக்கினார்கள். அதன் பெஸலில் இருப்பது சாதாரண நிமிட எண்கள் கிடையாது, ஒரே நாளில் இரண்டாவது முறை மூழ்குவதற்கான கணக்கு. பெல்ஜியத்து மூழ்காளர் மார்க் ஜாசின்ஸ்கி வகுத்தது. ஒமேகா 1970-களின் தொடக்கத்தில் 1040 எந்திரத்தில் நிமிட முள்ளையே நடுவுக்குக் கொண்டுவந்தது. அந்த எந்திரம் உள்ள 120 மீட்டர் சீமாஸ்டரைச் சேர்ப்பவர்கள் "பிக் ப்ளூ" என்பார்கள். என்னிடம் இல்லை. பெருமூச்சு மட்டும் உண்டு.

சரி, உங்கள் வாட்சுக்கு வருகிறேன்.

அந்த முள் விஷயம் எளிது. 1960-களில் ரேடியம் போய் டிரிட்டியம் வந்தது. டயலின் அடியில் "ஸ்விஸ்" என்ற சொல்லுக்கு இருபுறமும் டி (T) எழுத்து இருந்தால் டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 வருடம். அறுபது வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து முறை பாதியாகியிருக்கும், அதாவது நூற்றில் மூன்று பங்கு மிச்சம். கூடவே அதிலுள்ள ஒளிரும் பொடியும் செத்திருக்கும். டார்ச் அடித்தால் லேசாக மினுக்கும், எடுத்தால் இருண்டுவிடும். உங்கள் டயல் புள்ளிகள் செய்ததும் அதுதான், அவை நல்லவை. டார்ச்சை அணைத்த பின்னும் நிமிடக்கணக்கில் ஒளிர்கிறது என்றால், பெரும்பாலும் 1993-க்குப் பின் வந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சு. ஒன்று முட்களை மாற்றியிருக்கிறார்கள், இல்லை பழைய முள்ளில் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அப்படிப் பூசுவது ஒன்றும் பெரிய பாவமில்லை, சொல்லிவிட்டு விற்றால். "எல்லாம் ஒரிஜினல்" என்ற வாக்கியத்தோடு அது ஒத்துப்போகாது என்பதுதான் என் பிரச்சினை. ஒரு சோற்றுப் பதம் கிடைத்துவிட்டது.

தமிழில் இருட்டில் ஒளிரும் எதையும் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஸ்டிக்கர் உட்பட. உண்மையான ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம். ஒளிர்வதை அது எப்போதோ நிறுத்தியிருக்கும், கதிர்வீச்சை நிறுத்தியிருக்காது. இருண்ட பூச்சு என்றால் ஆபத்தில்லாத பூச்சு என்று நினைத்துவிடாதீர்கள். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியைக் கண்ணாடிமேல் வைத்தால் ரேடியம் சத்தம் போடும். டிரிட்டியத்தின் கதிர் கண்ணாடியையே தாண்டாது. மூடிய வாட்சைச் சில மணி நேரம் கட்டுவது வேறு, திறந்து டயலைச் சுரண்டுவதும் ஊதுவதும் வேறு. அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது. ரேடியம் டயல் என்றால் வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள்.

அடுத்தது பெயர். இதில்தான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்தில் எந்திரத்தைத் தானே செய்த கம்பெனிகள் குறைவு. வால்ஜூ 72 என்ற ஒரே எந்திரம் ரோலெக்ஸ் டேடோனாவிலும் இருந்தது, ஹோயர் கரேராவிலும் இருந்தது, எனிகார் ஷெர்பா கிராஃபிலும் யுனிவர்சல் ஸ்பேஸ் காம்பாக்ஸிலும் இருந்தது. பெயர் தெரியாத உங்கள் வாட்சின் 7734-ம் அப்படித்தான், டாக்ஸா சப் 200 டி.கிராஃபுக்குள் ஓடியதும் அதே 7734. கேஸும், அதாவது வாட்சின் வெளிக்கூடும், பல நேரம் வெளியே வாங்கியதுதான். பின்மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். மூழ்காளர் தலைக்கவசம் மாதிரி ஒரு முத்திரை இருந்தால் அது பிக்கரே என்ற கேஸ் தொழிற்சாலையின் அடையாளம், இப்சா என்று சொல்வோம். ஒரே கேஸ், ஒரே எந்திரம், டயலில் மட்டும் நாலு பெயர். டயலில் உள்ள பெயருக்குத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

நான் பார்க்கும் வரிசை எல்லோரும் சொல்வதற்கு நேர்மாறு, எந்திரத்துக்குக் கடைசி இடம். எந்திரத்தைச் சரிசெய்யலாம். பாலிஷ் போட்டு மொழுக்கட்டையாக்கிய கேஸை யாராலும் பழையபடி கூராக்க முடியாது. பட்டை மாட்டும் கொம்புகளின் ஓரத்தில் சரிவாக வெட்டிய விளிம்பு தெரிகிறதா? இரண்டு பக்கமும் ஒரே அகலமா? டயலில் உள்ள எழுத்தின் நுனி கூராக இருக்கிறதா, மை பரவியிருக்கிறதா? பொத்தான் இரண்டும் ஒரே வயதா? என் ஐந்தாவது வாட்சைச் சர்வீஸுக்குக் கொடுத்தேன். நான் கேட்காமலேயே கேஸைப் பளபளவென்று தேய்த்து, முட்களுக்குப் புதுப் பூச்சு பூசி, பெஸலையும் மாற்றிக் கையில் கொடுத்தார் ஒருவர். "புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன்" என்று சிரித்தார். பழைய பெஸல் எங்கே என்றேன். குப்பையில். அந்த வாட்சை நான் இப்போது கட்டுவதில்லை. அது வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். வெளுத்த பெஸல் இருக்கிறது, பூச்சு எல்லாம் ஒரே நிறம், குறையைத் தானே சொல்லும் ஆள். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். அந்த இரண்டு கோளாறும் எவ்வளவு பெரியவை என்று கையில் திருப்புளி பிடிப்பவர்கள் சொல்லட்டும்.

-----

தாத்தாவின்_லூப் எழுதியது:

என்னைத்தான் கூப்பிடுகிறார் போல. வாட்ச் வேலை செய்பவன்.

பெரிய முள் ஒரு கோடு தள்ளி நிற்பது: திருப்பும்போது ஒரு சுத்தியல் வந்து இதய வடிவச் சக்கரத்தை அடிக்கும். அந்தச் சக்கரம் எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். முள் அதன் தண்டில் சும்மா இறுக்கமாகச் செருகியிருப்பது, கொஞ்சம் நழுவியிருக்கும். கழற்றிச் சரியாக வைத்தால் தீர்ந்தது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வேறு வேறு இடத்தில் நின்றால்தான் கவலை. அது முள்ளின் குழாய் தளர்ந்ததாக இருக்கலாம், சுத்தியல் தேய்ந்ததாகவும் இருக்கலாம். பத்து முறை திருப்பி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நிமிடம் தாண்டாதது: பல்லோடு பல் சேரும் ஆழம் குறைந்திருக்கும், இல்லை எண்ணெய் காய்ந்த பசை. 7734-இல் அந்த ஆழத்தைக் கூட்டிக் குறைக்கவே மையம் விலகிய தலை உள்ள திருகுகள் உண்டு. அவற்றை நீங்கள் தொடாதீர்கள். முன்னால் யாரோ தொட்டுவிட்டதால்தான் பாதி வாட்ச் என்னிடம் வருகிறது.

23-ம் 7734-ம் வேறு வேறு சாதி. 23-இல் கோட்டைக் கொத்தளம் மாதிரி தூண்கள் நிற்கும் சக்கரம் கட்டளை போடும். அதை ஆங்கிலத்தில் காலம் (column, தூண்) வீல் என்பார்கள்; நாமும் காலத்தின் சக்கரம் என்றே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. பொத்தான் வெண்ணெய் மாதிரி இறங்கும். 7734-இல் அந்த வேலையைத் தட்டையாக வெட்டிய ஒரு தகடு செய்கிறது. மேல் பொத்தான் முரடாக, 'டக்' என்று இறங்கும். அது கோளாறு இல்லை, அதன் குணமே அப்படி. 1966-இல் வால்ஜூ வசம் வந்த வீனஸ் கம்பெனியின் 188-தான் 7730 ஆகி, அப்புறம் 7733 ஆனது. 7734 அதே குடும்பம், தேதி மட்டும் கூடுதல். 7733, 7734, 7736 மூன்றுக்கும் பெரும்பாலான உறுப்புகள் பொது என்பதால் உதிரி கிடைப்பதில் தலைவலி குறைவு. 23-க்கு உதிரி தேடுவது அவ்வளவு சுலபம் இல்லை.

இன்னொன்று. "சர்வீஸுக்கே போனதில்லை" என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்களே, எனக்கு அது நடுக்கம் தரும் வாக்கியம். எண்ணெய் காய்ந்த வாட்சும் ஓடும். உலோகத்தைத் தின்றுகொண்டே ஓடும். வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் படம் கேளுங்கள், குரோனோ நிற்கும்போது ஒன்று, ஓடும்போது ஒன்று. ஓடவிட்டால் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு கொஞ்சம் இறங்கும், இயல்பு. அறுபது எழுபது டிகிரி சரிந்தால் உள்ளே எங்கோ இழுக்கிறது.

கடைசியாக, குரோனோ ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஓடும்போதே திருப்புகிற வகை வேறு, இது அதில் சேர்த்தி இல்லை. வளைந்த நெம்புகோல்கள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.

-----

மூன்றாம்_பொத்தான் எழுதியது:

சரி, நான் தோற்றேன். ஆனாலும் 23-இன் பொத்தான் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவன் 7734-க்குத் திரும்ப மாட்டான். இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

-----

நீந்தாதவன் எழுதியது:

அது உண்மைதான். விட்டுக்கொடுக்க வேண்டாம்.

-----

புதுமுள் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நிவாடாக்காரர் கடைசியில் பின்மூடியைத் திறந்து படம் அனுப்பினார். லூப் சார் சொன்ன கோட்டைக் கொத்தளம் தெரிகிறது. பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் 23 என்ற எண்ணும் இருக்கிறது, எந்திரம் பொய் இல்லை. ஆனால் மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய மாதிரி சின்னச் சின்ன எழுத்துகள், இரண்டு இடத்தில் தேதி. பழுது பார்ப்பவர்கள் வேலை முடித்ததும் இப்படிக் கீறி வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். "சர்வீஸுக்கே போனதில்லை என்றீர்களே" என்று கேட்டேன். "எனக்கு முன்னால் போயிருக்கலாம்" என்றார். முள்ளைப் பற்றிக் கேட்டேன். "அதுவும் முன்னாலேயே இருக்கலாம்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இரண்டாவது ஆளிடம் பத்து முறை திருப்பும் வீடியோ கேட்டேன், பன்னிரண்டு முறை திருப்பி அனுப்பினார். எல்லா முறையும் அதே ஒரு கோடு தள்ளி, துளி மாறாமல். வாங்கிவிட்டேன். நேற்று வந்தது. பின்மூடிக்குள் அந்தத் தலைக்கவச முத்திரை இல்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். கை கழுவும்போது கழற்றி வைத்தேன்.

சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறேன். கண்ணாடிக் கீறலையும் வெளுத்த பெஸலையும் அப்போதே சரிசெய்யச் சொல்லலாமா?

-----

தாத்தாவின்_லூப் எழுதியது:

கண்ணாடி அக்ரிலிக் என்றால் தேய்த்தே தெளிவாக்கலாம். ஆழக் கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள், அது தேய்மானப் பொருள்தான்.

-----

நீந்தாதவன் எழுதியது:

பெஸலில் கை வைக்க விடாதீர்கள். ஈரத் துணி போதும், ரசாயனம் எதுவும் வேண்டாம், மிச்சமுள்ள எண்களும் போய்விடும். கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், முள்ளுக்கும் டயலுக்கும் பூச்சு வேண்டாம், ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிது, பொத்தானையோ வேறு எதையுமோ மாற்றினால் பழையது ஒரு பொட்டலத்தில் எனக்குத் திரும்ப வர வேண்டும். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். வந்ததும் படம் போடுங்கள், அந்தச் சாம்பல் பெஸலை நான் பார்க்க வேண்டும்.